ஊறுகாய் ஜாடியை எத்தனை தடவை பாத்திருக்கீங்க? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல களிமண் வேலை பத்தி எழுதினதுக்கு நிறைய கடிதம் வந்திருக்கு. பாதிக்கு மேல ஒரே கேள்விதான், வேற வேற வார்த்தையில: "ஐடியா எங்கருந்து வருது?" அதனால இந்தத் தடவை அதைச் சுத்தியே இருக்குற கேள்விகளை எடுத்துக்கிட்டேன்.

அக்கா, ஆறு மாசம் முன்னாடி பத்து நாள் பாட்டரி கிளாஸ் போயிட்டு வந்து மாடியில ஒரு சின்ன சக்கரம் வாங்கிப் போட்டேன். ரெண்டு பசங்க, மாமியார், சமையல்னு எல்லாம் முடிஞ்சு மத்தியானம் மண்ணு முன்னாடி உக்காந்தா ஒண்ணுமே தோண மாட்டேங்குது. பின்ட்ரெஸ்ட் பாத்து அதே கப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்றேன். மலைப்பக்கம், கடல்பக்கம்னு நாலு நாள் போயிட்டு வந்தா சரியாகுமா?
வாசகி, காரைக்குடி

எங்கயும் போக வேணாம் தங்கச்சி. வாய்ப்பு கிடைச்சா போயிட்டு வாங்க, நல்லதுதான், ஆனா அதுக்காகக் காத்திருந்து மாடியில இருக்குற மண்ணைக் காய விட்டுறாதீங்க.

காரைக்குடி வீடு, அதனால சமையக்கட்டுல கண்டிப்பா ஒரு ஊறுகாய் ஜாடி இருக்கும். மேல் பாதி காப்பிக்கொட்டை நிறம், கீழ் பாதி பழுப்பேறின வெள்ளை. அதை இறக்கி, தொடச்சு, முத்தத்து வெயில்ல வச்சு ஒரு பத்து நிமிஷம் சும்மா பாருங்க. ரெண்டு நிறமும் சேர்ற இடத்துல கோடு நேரா இருக்காது, ஒரு பக்கம் லேசா ஏறி இன்னொரு பக்கம் இறங்கியிருக்கும், ஏன்னா யாரோ ஒருத்தர் கையில பிடிச்சு கிளேஸ் குழம்புல, அதாவது சூளையில உருகி கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆகுற பூச்சுல, முக்கி எடுத்திருக்காங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறுன இடத்துல மூணாவதா ஒரு நிறம் வந்திருக்கும், எங்க வீட்டு ஜாடியில அது தேன் நிறத்துல ஒரு நூல் மாதிரி ஓடுது. வாய் விளிம்புக்குக் கீழ ஒரு சின்ன பள்ளம் இருக்கும், வேடு கட்டுற துணியைச் சுத்தி கயிறு நழுவாம நிக்கணும்ல, அதுக்கு. கவுத்துப் பாத்தீங்கன்னா அடி விளிம்புல கிளேஸ் இருக்காது, சொரசொரன்னு மண்ணாவே இருக்கும், அங்க கிளேஸ் போட்டா சூளையில உருகி தட்டோட ஒட்டிக்கும். இத்தனை வருஷமா உப்பையும் புளிப்பையும் உள்ள வச்சுக்கிட்டு அந்த ஜாடி அசையாம இருக்குன்னா அது ஸ்டோன்வேர், 1200 டிகிரி வரைக்கும் வெந்து மண்ணு கல்லாவே இறுகிப் போயிருக்கு.

இவ்வளவும் உங்க கண்ணு முன்னாடி இருந்துச்சு. நீங்க பாக்கலன்னு குத்தம் சொல்லல, நானும் ரொம்ப வருஷம் பாக்கல. எங்க அம்மாச்சி காலமானப்புறம் அவங்க ஜாடி எனக்கு வந்துச்சு, அதை தினம் ஒரு தடவை வரையலாம்னு ஆரம்பிச்சேன், வரைய வராது எனக்கு, கோணல்மாணலாத்தான் வரும், ஆனாலும் விடாம வரைஞ்சேன். பன்னெண்டாவது நாளோ பதிமூணாவது நாளோதான் தெரிஞ்சுது, அந்த ஜாடி லேசா ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. அதுவரைக்கும் நான்தான் கோணலா வரையறேன்னு நினைச்சு ஒவ்வொரு தடவையும் அதை நிமித்தி நிமித்தி வரைஞ்சிருக்கேன். அந்த சாய்வுலருந்துதான் என்னோட கிண்ணங்கள்ல கிளேஸ் கோட்டை வேணும்னே சாய்ச்சு முக்குற பழக்கம் வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் செய்றேன்.

அதனால ஒரே ஒரு சாமானை எடுத்துக்கோங்க. ஜாடியோ, அம்மிக்குழவியோ, இடியாப்ப அச்சோ. பதினஞ்சு நாள் தினம் வரையுங்க, அஞ்சு நிமிஷம் போதும். அதுல பாதி நாள் போனப்புறம் கண்ணை மூடிக்கிட்டு தடவிப் பாருங்க, கைக்கு வேற விஷயம் தெரியும். அப்புறம் சக்கரத்துல உக்காருங்க, ஆனா ஜாடி செய்யாதீங்க. ஜாடியில உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணே ஒண்ணை, அந்தக் கயிறு நிக்கிற பள்ளமோ, தோள் திரும்புற வளைவோ, அதை மட்டும் உங்க கப்புல கொண்டு வாங்க. பின்ட்ரெஸ்ட் பாக்குறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அதுல வர்றது அடுத்தவங்க பாத்து முடிச்ச பார்வை, போட்டோவை எவ்வளவு தடவை பாத்தாலும் அதைக் கவுத்து அடியைப் பாக்க முடியாது.

பரோடாவுல ஜோத்ஸ்னா பட்னு ஒரு பெரிய செராமிக் கலைஞர் இருந்தாங்க. 1940ல கட்ச்ல பிறந்தவங்க, 2020ல காலமானாங்க. அவங்க வேலைகள்ல திரும்பத் திரும்ப வர்றது பூனை, ஆந்தை, தாமரை மொட்டு. அவங்க பூனை ஒண்ணைப் பாத்தா, காலை மடக்கி உடம்பை உருட்டிக்கிட்டு உக்காந்திருக்குற அந்த கனம் அப்படியே தெரியும். பூனை எல்லார் வீட்டுச் சுவத்துலயும்தான் உக்காந்திருக்கு.

மேடம், நான் ஃபைன் ஆர்ட்ஸ் மூணாவது வருஷம். இயற்கைலருந்து எடுத்து பண்ணலாம்னு களிமண் மேல இலையை அழுத்தி அச்சு எடுத்தேன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "இது ஸ்கூல் கிராஃப்ட்"னு சொல்றாங்க. இலையை வச்சு பண்றது உண்மையிலேயே பழசாப் போச்சா?
மாணவர், கும்பகோணம்

இலை பழசாகாது தம்பி. இலையோட நம்ம எவ்வளவு தூரம் போறோம்ங்கிறதுதான் கேள்வி.

சீனாவுல ஜியாங்சி மாகாணத்துல ஜிஜோன்னு ஒரு ஊர் சூளைகள், சோங் அரசர்கள் காலம், அதாவது 960லருந்து 1279 வரைக்கும் உள்ள காலகட்டம். அங்க டீ குடிக்க கறுப்புக் கிண்ணம் செஞ்சாங்க, அதுல சில கிண்ணத்துக்குள்ள ஒரே ஒரு இலை இருக்கும். வரைஞ்சது கிடையாது, நிஜ இலை. கறுப்பு கிளேஸ் மேல இலையை வச்சு சூளையில வேக விட்டுருவாங்க, இலை எரிஞ்சு போகும், அதுல இருந்த சாம்பல் சத்து கிளேஸோட கலந்து அந்த இடம் மட்டும் மஞ்சளா, நரம்பு நரம்பா நின்னுரும். கிண்ணத்துல டீ ஊத்தினா தண்ணிக்கு அடியில இலை கிடக்குற மாதிரி தெரியும். இலையோட வெளி உருவத்தோட நிக்காம, எரிஞ்சா இலை என்னவா மாறும்ங்கிற வரைக்கும் அவங்க போயிருக்காங்க பாருங்க.

நீங்க அச்சு எடுத்தது நல்ல ஆரம்பம். அடுத்து அந்த இலை காஞ்சா எப்படி சுருளுது, பூச்சி தின்ன ஓட்டை எப்படி இருக்கு, மழைத்தண்ணி எந்த வழியா வழிஞ்சு நுனியில சொட்டுதுன்னு பாருங்க. அரச இலையோட வால் நுனியை ஒரு கூஜாவோட மூக்கா யோசிச்சுப் பாருங்களேன்.

இன்னொண்ணு, உங்க ஹாஸ்டல் ஜன்னல் மூலையில குளவிக்கூடு இருக்கான்னு தேடுங்க. குளவி கூடு கட்டுனா வீட்டுல நல்ல சேதி வரும்னு நம்ம பாட்டிங்க அதைக் கலைக்க விட மாட்டாங்க. அதுல ஒரு வகைக் குளவி குட்டிப் பானையாவே கட்டும், உருண்டை வயிறு, ஒடுங்குன கழுத்து, வெளிப்பக்கம் விரிஞ்ச வாய். ஈர மண்ணை உருண்டை உருண்டையா வாயில கொண்டு வந்து, வளையம் வளையமா வச்சு, காலாலயும் வாயாலயும் இழுத்து மெல்லிசாக்கும். நாம காயில்னு கிளாஸ்ல சொல்லிக் குடுக்குற அதே முறைதான், மண்ணைத் திரிச்சு சுத்திச் சுத்தி ஏத்துறது. நான் ஒரு மழைக்காலம் பூரா அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், விளிம்பை விரிச்சு விடுற அந்தக் கடைசி வேலையை அது எவ்வளவு வேகமா முடிக்குதுன்னு பாத்துட்டு என் கையோட அவசரமும் தயக்கமும் எனக்கே புரிஞ்சுது.

அம்மா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். இந்த இன்ஸ்பிரேஷன், ஆர்ட் எல்லாம் இப்ப வந்த பேச்சு. எங்க ஊர் வேளார் நாப்பது வருஷம் பானை செஞ்சார், அவர் எந்த இன்ஸ்பிரேஷனையும் தேடிப் போகலை. பானையைப் பானையா விட்டா என்ன?
வாசகர், திருவாரூர் மாவட்டம்

ஐயா, உங்க கேள்வியில இருக்குற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஸ்டுடியோவுல செஞ்சா கலை, தெருவுல செஞ்சா சட்டின்னு பேசுறதைக் கேட்டா எனக்குக் கோவம்தான் வரும். ஆனா அவர் தேடிப் போகலைங்கிறதுல மட்டும் நான் கொஞ்சம் மாறுபடுறேன். அவருக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லாம அது கூடவே இருந்துச்சுன்னு நினைக்கிறேன்.

எங்க அம்மாச்சி ஊர் மானாமதுரை பக்கம். சின்ன வயசுல அங்க கடம் செய்றதைப் பாத்திருக்கேன். சக்கரத்துல வனைஞ்சு எடுத்து, கொஞ்சம் இறுகினதும், உள்ள ஒரு கையில உருண்டைக் கல்லு, வெளிய ஒரு கையில மரப்பலகை, தட்டித் தட்டித் தட்டி, ஆயிரக்கணக்கான தட்டு, சுவரோட கனம் எல்லாப் பக்கமும் ஒண்ணாகுற வரைக்கும். கண்ணால அந்த கனத்தைப் பாக்க முடியாது, காதாலயும் கையாலயும்தான் பாக்கணும். மேடையில வாசிக்கிறவங்க கேக்குற சுருதிக்கு அது வந்து நிக்கணும், வெந்தப்புறம் நரம்பை முறுக்குற மாதிரி திருத்த முடியாது, சுருங்குறதுக்கும் சேர்த்து முன்னாடியே கணக்குப் போட்டிருக்கணும். 2023ல மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப நான் அழுதுட்டேன், அந்தத் தட்டுற சத்தம்தான் ஞாபகம் வந்துச்சு.

புரவி எடுப்பு பாத்திருப்பீங்க. ஐயனாருக்கு நேந்துக்கிட்ட மண் குதிரைகளை ஊரே தூக்கிக்கிட்டுப் போகும். சிவகங்கை பக்கம் ஒரு கோயில்ல பழைய குதிரைங்க வரிசையா மழையில கரைஞ்சு, காது போய், கால் போய் நிக்கும், அதை யாரும் எடுக்க மாட்டாங்க, புதுக் குதிரை வந்து பக்கத்துல நிக்கும். ஒரு தடவை உடைஞ்ச குதிரை ஒண்ணோட கழுத்துல தொங்குற மணியைக் கிட்ட போய்ப் பாத்தேன். சின்ன மண் உருண்டை, அதை ஒட்ட வச்சு கட்டைவிரலால ஒரு அமுக்கு, அந்த விரல் ரேகை வரிவரியா அப்படியே வெந்து நிக்குது. பக்கத்து மணியில அமுக்கு கொஞ்சம் சாஞ்சு விழுந்திருக்கு, கை களைச்சுப் போயிருக்கும் போல. உடைஞ்ச கால்ல மண்ணுக்குள்ள உமி எரிஞ்ச ஓட்டை சின்னச் சின்னதா தெரிஞ்சுது, அவ்வளவு கனமான மண்ணு வெடிக்காம வேகணும்னு உமி கலந்திருக்காங்க. நெல்லு விளையுற ஊர்ல உமிதான் கைக்குக் கிடைக்கும், அதுதான் குதிரைக்குள்ள போயிருக்கு.

ஆசிரியர்னு சொன்னதால ஒண்ணு கேக்குறேன், புறநானூறு 256ஆவது பாட்டு நீங்க நடத்தியிருப்பீங்கதானே? புருஷனை இழந்த ஒரு பொண்ணு கலம் செய்ற வேட்கோவரைப் பாத்துச் சொல்றது. வண்டிச் சக்கரத்தோட ஆரத்துல ஒட்டிக்கிட்டு வந்த சின்ன வெள்ளைப் பல்லி மாதிரி நானும் அவரோட எத்தனையோ சுரம், அதாவது வறண்ட காட்டு வழி, கடந்து வந்தவ, எனக்கும் இடம் இருக்குற மாதிரி அவரைப் புதைக்கிற அந்தத் தாழியை அகலமா வனைஞ்சு குடுன்னு கேக்குறா. அந்தப் பல்லியை யோசிச்சுப் பாருங்க ஐயா. எழுதினவங்க பேர் கூட நமக்கு வரலை, ஆனா அவங்க என்னைக்கோ ஒரு நாள் வண்டி நிக்கிறப்ப சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு, ஆரத்துல ஒரு பல்லி ஒட்டியிருக்குறதைப் பாத்திருக்காங்க. வண்டி போற இடமெல்லாம் அதுவும் தன்னை அறியாம போகுதேன்னு நினைச்சிருக்காங்க. இதுக்கு இன்ஸ்பிரேஷன்னு பேர் வைக்க வேணாம்னா வைக்க வேணாம், ஆனா அந்தக் குனிஞ்சு பாக்குறது இருக்கே, அது உங்க ஊர் வேளார்கிட்டயும் இருந்துச்சு, அதுதான் எனக்கும் வேணும்.

நோட்டுல வரையணுமா, போன்ல போட்டோ எடுத்தா போதாதா?
வாசகி, சேலம்

போட்டோ எடுங்க, ஆனா வரைஞ்சப்புறம் எடுங்க. முதல்ல எடுத்துட்டா பாத்தாச்சுன்னு மனசு நகர்ந்துரும்.

அக்கா, நாலு மாசமா செஞ்ச தட்டெல்லாம் காயறப்பவே விரியுது, தப்பிச்சதும் சூளையில வெடிக்குது. மனசே விட்டுப் போச்சு. விட்டுரலாமான்னு இருக்கு.
வாசகி, ஈரோடு

விடாதீங்க. முதல்ல வேலை விஷயம். தட்டு வனையறப்ப அடிப்பாகத்தை நடுவுலருந்து வெளிய, வெளியிலருந்து நடுவுக்குன்னு ரெண்டு மூணு தடவை விரலால நல்லா அழுத்தி விடுங்க, இல்லன்னா அடியில எஸ் மாதிரி வளைஞ்ச விரிசல் வரும். விளிம்பு சீக்கிரம் காயும், நடு ஈரமாவே இருக்கும், அந்த இழுபறியிலதான் விரியுது, அதனால விளிம்பைச் சுத்தி பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி, ஒரு நாள் விட்டு கவுத்து வச்சுக் காய விடுங்க. மின்விசிறிக்குக் கீழ வைக்கவே வைக்காதீங்க. சூளையில 100 டிகிரியைத் தாண்டுறதுக்கு முன்னாடி நிதானமா போங்க, உள்ள ஈரம் இருந்தா ஆவியாகி வெடிச்சுரும். 573 டிகிரிக்கிட்ட மண்ணுல இருக்குற குவார்ட்ஸ் திடீர்னு விரியும், ஆறுறப்ப அதே இடத்துல சுருங்கும், அங்கயும் அவசரப்படக் கூடாது.

இப்ப மனசு விஷயம். ஒரு ஐப்பசி மாசம், கண்காட்சி தேதி நெருங்குதுன்னு, சரியா காயாத நாப்பது தட்டை சூளையில ஏத்தினேன். ஒண்ணு கூட முழுசா வரலை. அதுக்கப்புறம் ஆறேழு மாசம் சக்கரத்தைத் தொடவே இல்ல. சித்திரையில ஊருக்குப் போனப்ப கண்மாய் வத்திப் போய் பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு, ஒரு பாளத்தை எடுத்துப் பாத்தேன், நாலு ஓரமும் மேல சுருண்டு ஒரு தட்டாவே இருந்துச்சு. மேல் மண்ணு சீக்கிரம் காஞ்சு சுருங்க, கீழ் ஈரம் பிடிச்சு இழுக்க, தானா வளைஞ்சிருக்கு. நான் எதோட சண்டை போட்டுக்கிட்டிருந்தேனோ அதே வேலைதான். அந்தப் பாளத்தைத் துணியில சுத்தி பஸ்ல மடியில வச்சுக் கொண்டு வந்தேன். அதுக்கப்புறம் செஞ்ச தட்டெல்லாம் ஓரம் ஒரே மாதிரி எழும்பாது, ஒரு மூலை கொஞ்சம் கூட, ஒரு மூலை கொஞ்சம் கம்மி. அதுதான் என் தட்டு.

பாட்டி கொடுத்த பீங்கான் கிண்ணம் உடைஞ்சிருச்சு. ஜப்பான்காரங்க தங்கத்துல ஒட்டுற மாதிரி ஆன்லைன்ல கிட் வருதே, வாங்கலாமா?
வாசகி, மதுரை

கின்ட்சுகியைக் கேக்குறீங்க. அசல் முறையில அரக்கு மரத்துப் பாலைப் பூசி ஒட்டி, ஈரக்காத்துல இறுக விட்டு, மேல தங்கப்பொடி தூவுவாங்க, முடிய வாரக்கணக்குல ஆகும். கிட்ல பெரும்பாலும் வர்றது எபாக்ஸி பசையும் தங்க நிறப் பொடியும். அலமாரியில வைக்கலாம், அதுல சூடா ரசம் ஊத்திச் சாப்பிட வேணாம். இல்லன்னா துண்டுகளை அப்படியே வச்சுக்கோங்க. உடைஞ்ச ஓட்டை வட்டமா தேய்ச்சு சில்லு விளையாடுறது நம்ம ஊர்ல புதுசு கிடையாது, கீழடி அகழாய்வுல அந்த மாதிரி வட்டச் சில்லு எத்தனையோ கிடைச்சிருக்கு. உங்க பாட்டி கிண்ணத்துத் துண்டுல இருக்குற பூவை உங்க பொண்ணு கையில குடுத்துப் பாருங்க, அவ என்ன செய்றான்னு நீங்க எனக்கு எழுதுங்க.

நான் சிங்கப்பூர்ல 12ஆவது மாடியில இருக்கேன் அக்கா. சனிக்கிழமை மட்டும் செராமிக் கிளாஸ் போறேன். இங்க எல்லாம் கான்கிரீட், ஊர்ல மாதிரி கண்மாயும் இல்ல, சூளையும் இல்ல. நான் எதைப் பாக்குறது?
வாசகி, சிங்கப்பூர்

சூளை இருக்கு தங்கச்சி! ஜூரோங் பக்கம் தௌ குவாங்ல 1940ல கட்டின டிராகன் சூளை இருக்கு. சரிவுல படுத்திருக்குற பாம்பு மாதிரி நீளமா இருக்கும், கீழ் வாயில விறகு போட்டா நெருப்பு மேல ஏறிப் போகும். போற வழியில விறகுச் சாம்பல் பறந்து போய் பாண்டத்து மேல உக்காரும், அந்தச் சூட்டுல சாம்பல்ல இருக்குற சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் மண்ணோட சிலிக்காவை இளக்கி கண்ணாடியாக்கிரும். யாரும் பூசாமலே பளபளப்பு வரும். ஒரு நாள் போய் அந்தச் சூளையோட உள்சுவத்தைப் பாருங்க, வருஷக்கணக்கா சாம்பல் உருகி வழிஞ்ச தடம் இருக்கும்.

அப்புறம் ரோட்டோரத்துல குடை மாதிரி விரிஞ்ச பெரிய மரங்க நிக்குதே, அங்க ரெயின் ட்ரீன்னு சொல்வாங்க. அது நம்ம ஊர் தூங்குமூஞ்சி மரம்தான். சாயங்காலம் ஆபீஸ்லருந்து வர்றப்ப அது கீழ நின்னு மேல பாருங்க, ஜோடி ஜோடியா இலை மூடிக்கிட்டிருக்கும், மழைக்கு முன்னாடியும் மூடும். அரைமணி நேரத்துல மரத்துக்குள்ள வானம் எவ்வளவு கூடுதலா தெரியுதுன்னு கவனிங்க. ஒரு நாள் பாத்தா போதாது, ஒரு மாசம் பாருங்க.

கீழ விழுந்த காஞ்ச குச்சி கொஞ்சம் சேத்து வச்சு, ஊருக்கு வர்றப்ப கொண்டு வந்து எரிங்க. சாம்பலைச் சலிச்சு, பாதி சாம்பல் பாதி களிமண்ணுன்னு தண்ணியில கரைச்சு ஒரு சோதனை ஓட்டுல பூசுங்க, கையுறை போட்டுக்கோங்க, சாம்பல் தண்ணி தோலை அரிச்சுரும். உங்க கிளாஸ் சூளை 1250 டிகிரிக்கு மேல போகும்னா உருகும். புளிய விறகு, தென்னமட்டை, வேம்பு எல்லாம் நான் போட்டுப் பாத்திருக்கேன், ஒவ்வொண்ணும் ஒரு பச்சை, ஒரு பழுப்பு. தூங்குமூஞ்சி சாம்பல் மட்டும் இதுவரைக்கும் போட்டதில்ல. ஓடு வெளிய வந்ததும் என்ன நிறம்னு எழுதுங்க.